மாசி முப்பத்தொண்ணு

சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. மாயவரத்துக்காரனுக்கு வெளியூர்க்காரன் வாயைத் தொறந்தாலே சிரிப்புதான், நாங்க கொட்டாவி விட்டாக்கூட அதுல ஒரு கோணல் கண்டுபிடிப்பீங்க. ஆனா இன்னியோட இந்த "வாடா தருமு, போடா தருமு" எல்லாம் நிக்கணும். மரியாதையா அண்ணேன்னு கூப்புடணும். டேய் பக்கிரி, மொறைக்காத. நீயும் நானும் ஒரே கார்த்திகை தீபத்தன்னிக்குப் பொறந்தவங்கதான், இல்லேங்கல. போன மாசி வரைக்கும் ஒனக்கும் எனக்கும் ஒரே வயசுதான். இப்ப நான் ஒன்னைவிட ஒரு நாள் மூத்தவன். ஒங்களுக்கெல்லாம் சனிக்கிழமை முடிஞ்சுது, ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது, பாவம். எங்க புன்னைத்துறைக்கு மட்டும் நடுவுல இன்னொரு நாள் விடிஞ்சுது. அதுக்குப் பேரு மாசி முப்பத்தொண்ணு.

பஞ்சாங்கத்தை எடுக்காத, காப்பி ஆறுது. மாசி முப்பதைத் தாண்டாதுன்னு எனக்கும் தெரியும். ஃபோர்த் பாரத்தோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன்தான், ஆனா முப்பது வரைக்கும் எண்ணத் தெரியும். அந்தத் தேதியை எழுதினவனே நான்தான்.

அபரஞ்சி எனக்குப் பெரியம்மா பொண்ணு. அம்மா அப்பா ரெண்டு பேரும் போனப்பறம் நான் அந்த வீட்லதான் தின்னு வளந்தேன். பெரியம்மாவும் போனப்பறம் எனக்குச் சோறு போட்டது அக்காதான். பொம்பளைப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சரு. ஊர்ல எல்லாருக்கும் அவகிட்ட பயம், அவ அப்பாவையும் சேத்துதான். எட்டு வருஷத்துக்கு முந்தி அவளுக்கும் மேலத்தெரு தில்லைநாயகத்துக்கும் ஒரு நிச்சயதார்த்தம் வெச்சாங்க. அவங்களா ஒருத்தரை ஒருத்தர் பாத்து, புடிச்சுப்போயி, ரெண்டு வீட்டையும் ஒரு வருஷம் கெஞ்சி வாங்கின நிச்சயம் அது. தாம்பூலத் தட்டு மாத்துற நேரத்துல தில்லையோட அப்பா, "பொண்ணு வீட்டுக்காரங்க கை கீழ இருக்கணும்"னாரு. எங்க பெரியப்பா, "குடுக்குறவன் கைதான்யா மேல இருக்கும், ஒலகம் பூரா அப்படித்தான்"னாரு. கை மேலயா கீழயான்னு ரெண்டு கெழவங்களும் இழுத்த இழுப்புல தட்டு கவுந்து, அதுலேர்ந்த தேங்கா உருண்டு, கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போச்சு. தேங்கா பின்னாடியே மாப்ள வீட்டுக்காரங்களும் போனாங்க.

தில்லை என்ன பண்ணாரு? தூணைப் புடிச்சிகிட்டு நின்னாரு. அக்கா அவரையே பாத்துகிட்டிருந்தா. அவரு ஒரு வார்த்தை பேசல. அப்பா பின்னாடியே எறங்கிப் போனாரு, அடுத்த மாசம் ரங்கூன் கப்பல் ஏறினாரு. அக்கா தட்டுக்காக அழுவல, சண்டைக்காக அழுவல. "அன்னிக்கு அந்தத் தூணுகூட லேசா ஆடிச்சுடா தருமு, அந்த மனுஷன் வாய் ஆடல"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதுக்கப்பறம் அவர் பேரை எடுக்கல. வந்த சம்பந்தத்தையெல்லாம் மூக்கு நீளம், முடி கட்டைன்னு திருப்பி அனுப்பினா.

தாது வருஷம் ஐப்பசியில அவரு லீவுல வந்தாரு. அறுபது வருஷத்துக்கு முந்தி வந்த தாது வருஷத்துலதான் அந்தப் பெரும்பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதனால எங்க ஊரே இந்தத் தாதுவையும் வீட்டுக்குள்ள வந்த திருடனைப் பாக்குற மாதிரி பாத்துகிட்டிருந்துச்சு. எல்லா வீட்லயும் நெல்லு பதுக்கினாங்கன்னா தில்லை வீட்ல மட்டும் உப்பு பதுங்குச்சு. அவங்கப்பா காலமாயிட்டாரு, அம்மா தையல்நாயகிதான் இருக்காங்க. "எம்புள்ளைக்கு ஒரு நிச்சயம் ஆகுற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல உப்பு ஏறாது"ன்னு வைத்தீஸ்வரன் சந்நிதியில வேண்டிக்கிட்டாங்க. வேண்டிக்கிட்டது அந்தம்மா, விரதம் வீட்ல எல்லாருக்கும். குழம்புல இல்ல, ரசத்துல இல்ல, மோர்ல இல்ல. இருவது நாள் தாங்கினாரு. இருவத்தோராவது நாள் மத்தியானம் எங்க சமையக்கட்டு ஜன்னல்ல ஒரு கை நீண்டுச்சு.

"தருமு, ஒரே ஒரு நார்த்தங்கா ஊறுகாத் துண்டுடா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் ஜாடியை எடுக்கத் திரும்பினா, பின்னாடி அக்கா ஜாடியோட நிக்கிறா. எட்டு வருஷம் கழிச்சு அவர்கிட்ட அவ பேசின மொதப் பேச்சு இதுதான்: "பரவால்லையே. உப்புக்குன்னா வாய் தொறக்குது."

கை உள்ள போகல, வெளியவும் போகல. அப்படியே நின்னுச்சு.

"அபரஞ்சி..."

"பேரெல்லாம் ஞாபகம் இருக்கா? ரங்கூன்ல ஊறுகா கெடைக்காதோ?"

"கெடைக்கும். இந்த ஊறுகா கெடைக்காது."

அக்கா ஒரு துண்டை எடுத்து அந்தக் கையில வெச்சா. கை போகல. ஜன்னலுக்கு இந்தப்பக்கம் நின்னுகிட்டே அவ யோசிச்சா. யோசிச்சது என்னன்னா, அவளுக்குத் தங்கச்சி ஒருத்தி, குஞ்சிதம். அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்து வாசல்லயே நிக்குது, உள்ள வரமாட்டேங்குது. "மூத்தது இருக்கையில இளையதை எப்படிங்க கூட்டிட்டுப் போறது, ஊர்ல என்ன பேசுவாங்க? மூத்ததுக்கு ஒரு நிச்சயமாச்சும் ஆகட்டும்"னு சொல்லிட்டாங்க. கவனிங்கடா, கல்யாணம்கூட வேணாமாம். நிச்சயம் போதும். ஊர் வாய்க்கு அவ்வளவுதான் பசி.

"நமக்குள்ள ஒரு நிச்சயம் நடந்தா, ஒங்க வீட்டு அடுப்புல உப்பு ஏறும், என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறும்"னா அக்கா. "பொய்யாத்தான். குஞ்சிதம் கல்யாணம் முடிஞ்சதும் நீங்க கப்பல் ஏறிடுங்க. அங்கேர்ந்து ஒரு லெட்டர் போடுங்க, எனக்கு இங்க வேற குடும்பம் ஆயிடுச்சுன்னு. முடிஞ்சுது."

ஊறுகா வாய்ல இருந்ததால அவரு தலையை மட்டும் ஆட்டினாரு.

லக்னப் பத்திரிகை எழுதுற வேலை எனக்கு வந்துச்சு. படிப்பு ஏறலையே தவிர என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். "மாசிக் கடைசியாப் பாத்து ஏதோ ஒரு தேதியைப் போடுடா, நடக்கவாப் போவுது"ன்னு அக்கா சொல்லிட்டுப் போனா. பொய் நிச்சயத்துக்கு மெய்த் தேதி எதுக்குன்னு நான் மாசி மாசம் முப்பத்தொண்ணாந் தேதின்னு எழுதி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி வெச்சுட்டேன்.

நீங்க கேப்பீங்க, சபையில ஒருத்தருக்குமாடா தெரியலைன்னு. நம்ம ஊர்ப்பக்கம் நிச்சயதார்த்தத்துல லக்னப் பத்திரிகை வாசிக்கிறதை எவன்டா காது குடுத்துக் கேட்டிருக்கான்? நடேச குருக்களுக்குக் கண்ணு மங்கல், கண்ணாடி போட்டா வயசாயிடுச்சும்பாங்கன்னு போடமாட்டாரு. பாதி மனப்பாடம், பாதி என்கிட்டக் கேட்டுக் கேட்டு, ராகமா இழுத்தாரு. "நிகழும் தாது வருஷம் மாசி மாசம் முப்பத்தொண்ணாந் தேதி சுபயோக சுபதினத்தில்"னு அவரு இழுக்கையில, ஆம்பளைங்க எந்தத் தட்டு பெருசுன்னு பாத்துகிட்டிருந்தாங்க, பொம்பளைங்க எந்தப் பொடவை சாயம் போவும்னு பாத்துகிட்டிருந்தாங்க, எங்க பெரியப்பா இந்தத் தடவை யார் கை மேலன்னு பாத்துகிட்டிருந்தாரு. நிமிந்து பாத்தது அக்கா மட்டும்தான். மேளம் கொட்டிட்டாங்க. தட்டு அழகா மாறுச்சு. மெய்யா நடந்தப்போ கவுந்த தட்டு, பொய்யா நடந்தப்போ ஒரு வெத்திலகூடச் சிந்தல.

கொல்லைப்பக்கம் அக்கா என் காதைப் புடிச்சா. "மாசிக்கு முப்பத்தொண்ணு ஏதுடா?"

"அதான்க்கா விசேஷம். வராத தேதி. அன்னிக்கு எவனும் வந்து, எங்க கல்யாணம்னு கேக்க முடியாது."

விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பறம் காதை விட்டுட்டா. கெணத்தடிப் பக்கம் திரும்பிகிட்டா. "ஆமாம்ல. வரவே வராது"ன்னா.

அடுத்து ரெண்டு மாசம் பொய்யை வளக்கணுமே. வெள்ளிக்கிழமைதோறும் தில்லை பூவும் பழமுமா வந்து கூடத்துல ஒக்காருவாரு, அக்கா புள்ளைங்க சிலேட்டைத் திருத்திகிட்டே பேசுவா, நடுவுல நான் காவலுக்கு. தையில குஞ்சிதம் கல்யாணம் ஜாம்ஜாம்னு முடிஞ்சுபோச்சு. சாக்கு தீந்துபோச்சு, ஆனா வெள்ளிக்கிழமை தீரல. மேலத்தெருவுல உப்பு போட்டுச் சமைக்க ஆரம்பிச்சு நாளாச்சு, ஆனா மனுஷன் இங்க வந்துதான் ஊறுகா கேக்குறாரு.

"அந்த லெட்டரு, ரங்கூன் குடும்பம்னு எழுதப்போறீங்களே, அவளுக்கு என்ன பேரு வைப்பீங்க?"ன்னா அக்கா ஒரு நாளு, சிலேட்டைப் பாத்துகிட்டே.

"யாருக்கு?"

"ஒங்க பொண்டாட்டிக்கு."

"அப்படி யாரும் இல்லையே."

"இல்லாதவளுக்குத்தான் பேரு கேக்குறேன்."

"மா... மா மியான்னு வைக்கலாம்."

அக்கா சிலேட்டுல போட்ட தப்புக்குறியில சிலேட்டே கீறிப்போச்சு. "ஒடனே வந்துருச்சே பேரு!"

ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து பர்மா தனித் தேசம்னு சர்க்கார் சொல்லிட்டதால, அதுக்குள்ள அவரு போயி வேலையில நிக்கணும். மாசி முப்பது, சனிக்கிழமை சாயந்திரம் சொல்லிக்க வந்தாரு. மறுநாள் காலையில ஏழு மணி வண்டி. அக்கா வாசல்ல நின்னா. அவரு வாயைத் தொறந்தாரு. மூடினாரு. மறுபடி தொறந்தாரு. பழைய தூணு பக்கத்துல இருந்துச்சு, கை தானாப் போயி அதைப் புடிச்சுகிச்சு.

"லெட்டரை மறக்காமப் போடுங்க"ன்னுட்டு அக்கா உள்ள போயிட்டா. அன்னிக்கு அவ சாப்புடல. எனக்குப் போட்டா.

மறுநாள் விடிஞ்சுது. பெரியப்பா வழக்கம்போல எழுந்திரிச்சு, விபூதி பூசி, காலண்டர் தாளைக் கிழிச்சாரு. கிழிச்ச முப்பதுக்குக் கீழ பங்குனி ஒண்ணு இல்ல, மாசி முப்பத்தொண்ணு இருந்துச்சு. மத்தபடி தாள் வெள்ளை வெளேர்னு இருக்கு. கெழமை போடல, இங்கிலீஷ் தேதி போடல, ராகுகாலம் போடல, எமகண்டம் போடல. அவரு தாளைத் திருப்பிப் பாத்தாரு. பின்னாடியும் ஒண்ணும் இல்ல. "ஓகோ"ன்னாரு. அவ்வளவுதான்.

அதிசயமே, ஆண்டவனேன்னு யாரும் ஓடி வரலடா. எல்லாருக்கும் இருந்த கவலை ஒண்ணே ஒண்ணுதான், ராகுகாலம் எப்போன்னு தெரியாம வாசப்படியைத் தாண்டுறது எப்படி? தெரு பூரா ஒவ்வொரு வாசல்லயும் ஒரு ஆம்பளை ஒரு காலை உள்ள வெச்சு ஒரு காலைத் தூக்கிகிட்டு நின்னான். அப்பறம் நாவிதர் ஒருத்தர், பொண்டாட்டிக்கு வலி எடுத்து மருத்துவச்சியைக் கூப்புட ஓடவேண்டி வந்ததால எதையும் பாக்காம ஓடினாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டு மத்தவங்களும் எறங்கினாங்க. அன்னிக்கு அவருக்குப் பொறந்த பொண்ணுக்கு இன்னிவரைக்கும் ஜாதகம் எழுத ஆள் இல்ல. நாள் இல்ல, கெழமை இல்ல, அதனால தோஷமும் இல்ல. இப்பவே நாலு வீட்ல அவளுக்குப் பரிசம் போடக் காத்திருக்காங்க.

கறிக்கடைக்காரரு, சனி விரதம் முடிஞ்சுதா, ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுதான்னு புரியாம கடையோட பாதிக் கதவை மட்டும் தொறந்தாரு. போஸ்ட் மாஸ்டர் முத்திரையைத் திருகித் திருகிப் பாத்தாரு, அது பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல நின்னு நகரமாட்டேன்னுது. "இன்று தேதி இல்லை, நாளை வரவும்"னு ஒரு அட்டையில எழுதித் தொங்கவிட்டுட்டு நிம்மதியாப் படுத்தாரு. யூனியன் போர்டு பிரெசிடெண்ட் மேசை மேல ஏறி, "இருவது வருஷமா ஆண்டவங்க ஒங்களுக்கு ஒரு மணி நேரமாவது வாங்கிக் குடுத்தாங்களா? நான் ஒரு முழு நாளை வாங்கிக் குடுத்திருக்கேன்"னு பேசினாரு, ஜனங்களும் கை தட்டினாங்க. எல்லையைத் தாண்டிப் போன மாட்டுவண்டிக்காரரு ஒருத்தர், போன சுருக்குல திரும்பி வந்தேம்பாரு, ஆனா அவரு வந்தது மறுநாளைக்கு. விருந்துச் சாப்பாடு தவறிப்போச்சுன்னு இப்பவும் எங்க மேல கோவம்.

வண்டி மட்டும் வரல. வெளிய ஒலகத்துல அந்த நாள் இல்லையே, வண்டி எப்படி வரும்? தில்லை பொட்டியோட பிளாட்பாரத்துல நிக்கிறாரு. ஸ்டேஷன் மாஸ்டர் கடமை தவறாதவர். ஏழு மணிக்கு மணி அடிச்சாரு, பச்சைக் கொடி காட்டினாரு, வராத வண்டியை அனுப்பி வெச்சாரு, ரெஜிஸ்டர்ல "சரியான நேரம்"னு எழுதினாரு. எழுதிட்டுத் தலை நிமிந்து, "அதுசரி தம்பி, இன்னிக்கு முப்பத்தொண்ணு, ஒங்க கல்யாணமாச்சே. நீங்க எங்க பொட்டியோட?"ன்னாரு.

அங்க ஆரம்பிச்சுதுடா. அன்னிக்குச் சபையில தட்டையும் பொடவையையும் பாத்துகிட்டிருந்த அத்தனை பேருக்கும் திடீர்னு காது தெளிஞ்சுபோச்சு. "முப்பத்தொண்ணுன்னுதான குருக்கள் வாசிச்சாரு, நான் அப்பவே சொன்னேன்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. சொல்லிகிட்டே வாழைமரம் வெட்டினாங்க, சொல்லிகிட்டே அடுப்பு மூட்டினாங்க, சொல்லிகிட்டே தில்லையோட பொட்டியைப் பிடுங்கிகிட்டு அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க வாசல்ல கண் மூடித் தொறக்கறதுக்குள்ள பந்தல். தவில்காரர் வந்துட்டாரு. நடேச குருக்கள் மட்டும் மூலையில ஒக்காந்து அழாத கொறை. "ராகுகாலம் இல்ல, எமகண்டம் இல்ல, நாள் பூரா நல்ல நேரம்னா, அப்பறம் நான் எதுக்கு ஓய்?"

அக்காவைப் பொம்பளைங்க இழுத்துப்போயிப் பட்டைச் சுத்தி மணையில ஒக்கார வெச்சுட்டாங்க. அவ மொகத்துல ஒண்ணும் இல்ல. எட்டு வருஷத்துக்கு முந்தி எப்படி அவரையே பாத்தாளோ அப்படிப் பாத்துகிட்டிருந்தா. ஊரு கட்டி வெக்கலாம்டா, ஊருக்கு அது வேலையே. ஆனா இன்னிக்கும் அவரு பேசாமத் தாலி கட்டினா, அவ அதைக் கழுத்துல போட்டுகிட்டே மறுபடி எட்டு வருஷம் அவர்கூடப் பேசமாட்டா, எனக்குத் தெரியும். தில்லை பந்தக்காலைப் புடிச்சிகிட்டு நிக்கிறாரு.

அப்பத்தான் கூட்டத்துலேர்ந்து ஒருத்தன் கத்தினான்: "நிறுத்துங்க! இது பொய் நிச்சயம்! உப்புக்காகவும் குஞ்சிதத்துக்காகவும் நடிச்சது! தேதியே பொய்!"

தவில் நின்னுச்சு. தையல்நாயகியம்மா எழுந்திரிச்சாங்க. "அப்போ நான் சாப்புட்ட உப்பு?"

பெரியப்பா எழுந்திரிச்சாரு. "அப்போ நான் கீழ வெச்ச கை?"

மறுபடி தேங்கா உருளப்போவுதுன்னு எல்லாரும் வழி விட்டு நின்னாங்க. அக்கா கண்ணை எடுக்கல. தில்லை பந்தக்காலைப் பாத்தாரு, தன் கையைப் பாத்தாரு. கையை எடுத்தாரு.

"எங்க கை கீழயே இருக்கட்டும்"னாரு.

எங்கயோ ஒரு கொழந்த அழுதுச்சு. அக்கா சொன்னா, "கேக்கல."

"எங்க கை கீழயே இருக்கட்டும்! அன்னிக்கே எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். ஒன் மூஞ்சியைப் பாக்கப் பயந்து கப்பல் ஏறினேன்."

"எனக்கு இன்னும் கேக்கல."

"உப்பு எங்கம்மா போட்டு நாலு மாசம் ஆச்சுடி! நான் ஊறுகாய்க்கா வந்தேன்? மா மியான்னு எவளும் இல்ல! ஒன்னைக் கட்டிக்காம நான் எந்த வண்டியும் ஏறமாட்டேன், அபரஞ்சி!"

மூணாவது தடவை கத்தின கத்துல ஸ்டேஷன்லேர்ந்து மாஸ்டர் என்னமோ வண்டி வந்துருச்சுன்னு பச்சைக் கொடியோட ஓடி வந்து பந்தல் வாசல்ல நின்னு காட்டினாரு. அக்கா அழுதுகிட்டே சிரிச்சா, சிரிச்சுகிட்டே, "இப்ப கேட்டுச்சு. ஏன் கத்துறீங்க, மானம் போவுது"ன்னா. தவில்காரர் யார் சொல்லுக்கும் காத்திருக்கல.

பொய்யைப் பத்தி அப்பறம் யாரும் பேசல. "மெய்யா நடந்தது ஒடைஞ்சுது, பொய்யா நடந்தது நிலைச்சுது. எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்"னு பிரெசிடெண்ட் அதுக்கும் தானே பொறுப்பு எடுத்துகிட்டாரு. மறுநாள் பங்குனி ஒண்ணு, ஒழுங்கா ஞாயித்துக்கிழமை வந்துச்சு, ஏழு மணி வண்டியும் வந்துச்சு. ரெண்டு பேரும் ஏறிப் போனாங்க. கல்யாண நாள் எப்ப கொண்டாடுவீங்கன்னு கேட்டதுக்கு அக்கா, "அது மறுபடி வர்றப்போ"ன்னா.

ஜன்னல்லேர்ந்து என்னைப் பாத்து, "வேளாவேளைக்குச் சாப்புடுடா"ன்னா. எங்க சாப்புடுறதுன்னு சொல்லல. அதான் இந்த மாயவரம், இந்தக் காப்பிக் கிளப்பு, நீங்க.

டேய் பக்கிரி, கத்தினவன் எவன்னு கேட்டேல்ல. நான்தான். அந்த இல்லாத தேதியைப் போட்டதும் அக்காவைக் காப்பாத்த இல்ல. அன்னிக்கு ஜன்னல்ல அவரு கையில அவ ஊறுகா வெச்சதை நான் பாத்துட்டேன், அது பொய் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். அவ போயிட்டா எனக்குச் சோறு போட ஆள் இல்ல. அவ கல்யாணம் என்னைக்கும் நடக்கக் கூடாதுன்னுதான்டா அந்தத் தேதியைப் போட்டேன்.